படிக்கும் நேரத்தில் ரீல்ஸ், வாட்ஸ்அப் இழுக்கிறதா? படிப்பிற்குத் தனி அறை அமைக்கலாம், கம்ப்யூட்டருக்குள்ளேயே

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் பிள்ளைகளின் படிப்புதான். வாங்கி ஒரு மாதம் ஆனவுடன் அதே கம்ப்யூட்டர் மீது புகார் தொடங்கிவிடுகிறது. "பாடம் பார்க்கிறேன் என்று உட்காருகிறான். பின்னால் போய் நின்றால் வேறு ஏதோ ஓடிக் கொண்டிருக்கிறது" என்பது பெற்றோர் தரப்பு. "பாடம் பார்க்கத்தான் திறந்தேன், எப்படி அங்கே போனேன் என்று எனக்கே தெரியவில்லை" என்பது மாணவர் தரப்பு. இரண்டாவதாகச் சொல்வதைச் சாக்குப் போக்கு என்று தள்ளிவிட வேண்டாம். பெரும்பாலும் அது உண்மைதான்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் லாரி ரோசனும் அவருடைய குழுவினரும் 2013ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பள்ளி, கல்லூரி மாணவர்கள் 263 பேரை, அவர்கள் வழக்கமாகப் படிக்கும் இடத்திலேயே 15 நிமிடங்கள் உட்கார்ந்து கவனித்தார்கள். ஒருவர் தங்களைப் பார்த்துக் கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும், மாணவர்கள் சராசரியாக 6 நிமிடத்திற்கும் குறைவாகவே ஒரே வேலையில் தொடர்ந்து இருந்தார்கள். பின்னர் வேறு எதற்கோ தாவினார்கள். அந்தப் 15 நிமிடத்திற்குள் பேஸ்புக் பார்த்தவர்களின் மதிப்பெண் சராசரி மற்றவர்களைக் காட்டிலும் குறைவாக இருந்தது. பேஸ்புக் பார்த்ததால் மதிப்பெண் குறைந்ததா, மதிப்பெண் குறைவானவர்கள் அதிகம் பார்த்தார்களா என்பதை இந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த 6 நிமிடக் கணக்கு யோசிக்க வைக்கிறது. அப்போது ரீல்ஸும் கிடையாது, ஷார்ட்ஸும் கிடையாது.

ஏன் நிறுத்த முடியவில்லை?

பத்திரிகை படித்தால் கடைசிப் பக்கம் வரும். டி.வி. தொடர் என்றால் "தொடரும்" என்று போடுவார்கள். பழைய இணைய தளங்களிலும் பக்கத்தின் அடியில் 1, 2, 3 என எண்கள் இருக்கும். அடுத்த பக்கம் வேண்டும் என்றால் நாம்தான் கிளிக் செய்திட வேண்டும். அந்த ஒரு நொடியில் "போதும், எழுந்திருக்கலாம்" என்று மனது சொல்ல இடம் இருந்தது. 2006ல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே போகப் போகத் தானாகவே புதிய தகவல்கள் வந்து சேரும் முறையை உருவாக்கினார். அடுத்த பக்கத்திற்காகக் கிளிக் செய்திடும் சிரமத்தைக் குறைப்பதே அவருடைய நோக்கம். இன்று சமூகத் தளங்கள் அனைத்தும் பயன்படுத்துவது அதைத்தான். அது இப்படிப் பயன்படுத்தப்படுவதற்காக அவரே பின்னர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்திருக்கிறார். இந்தியாவில் 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கு வந்தது. செப்டம்பரில் யு ட்யூப் ஷார்ட்ஸ், உலகிலேயே முதலாவதாக இந்தியாவில் சோதனைக்கு விடப்பட்டது. இவற்றில் கீழே இழுக்கக் கூட வேண்டாம், விரலால் லேசாகத் தள்ளினால் போதும்.

எனவே "மனக் கட்டுப்பாடு வேண்டும்" என்று அறிவுரை சொல்வதால் அதிகப் பயன் இல்லை. "எல்லாவற்றையும் பிளாக் செய்துவிடலாமே" என்றால் அதுவும் நடக்காது. ஆசிரியர் வீட்டுப்பாடத்தை அனுப்புவது வாட்ஸ்அப்பில். இயற்பியல் விளக்க வீடியோ இருப்பது யு ட்யூப்பில். தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாட நூல்களில் க்யூஆர் கோட் அச்சிடப்பட்டுள்ளது. அதாவது, பாடப் புத்தகமே போனைக் கையில் எடுக்கச் சொல்கிறது. படிப்பும் பொழுதுபோக்கும் ஒரே கதவு வழியாக வருவதுதான் இங்கே சிக்கல். செய்ய வேண்டியது பூட்டுவது அல்ல, பிரிப்பது. வீட்டில் படிப்பதற்கென்று ஓர் அறையோ மூலையோ ஒதுக்குவது போல, கம்ப்யூட்டருக்குள்ளும் ஒதுக்கலாம். இதற்குப் பணம் கொடுத்து எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம்.

பிரவுசரில் தனி புரொபைல்

இதுதான் எல்லாவற்றிலும் எளிய, அதிகப் பலன் தரும் வழி. ஆனால் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

நீங்கள் ஒரு முறை பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ லாக் இன் செய்தால், அந்தத் தகவலை குக்கி என்னும் சிறிய பைலில் பிரவுசர் சேமித்து வைக்கிறது. அதனால்தான் அடுத்த முறை பாஸ்வேர்ட் கேட்காமல் நேராக உள்ளே விடுகிறது. புரொபைல் என்பது இந்தக் குக்கி, பாஸ்வேர்ட், புக்மார்க், ஹிஸ்டரி எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்துக் கொள்ளும் வசதி. ஒரே குரோம் பிரவுசரை இரண்டு பேர் பயன்படுத்துவது போலத்தான். ஒரு புரொபைலில் லாக் இன் செய்தது இன்னொன்றுக்குத் தெரியாது.

குரோம் பிரவுசரைத் திறந்து, மேலே வலது பக்கம் உள்ள வட்ட வடிவ ஐகானில் கிளிக் செய்திடவும். விரியும் மெனுவில் புதிய புரொபைலைச் சேர்ப்பதற்கான பிரிவு, "ஆட்" என்று தொடங்கும் வகையில் இருக்கும். அதனைத் தேர்ந்தெடுக்கவும். கூகுள் அக்கவுண்ட்டில் சைன் இன் செய்யும்படி கேட்கும். செய்ய வேண்டாம். அக்கவுண்ட் இல்லாமல் தொடர்வதற்கான வழி அதன் அருகிலேயே தரப்பட்டிருக்கும். பின்னர் இந்தப் புரொபைலுக்கு "படிப்பு" எனப் பெயர் கொடுத்து ஒரு வண்ணத்தையும் தேர்ந்தெடுக்கவும். வழக்கமாகப் பயன்படுத்தும் புரொபைலிலிருந்து நன்கு வேறுபட்ட வண்ணமாக இருக்கட்டும். எட்ட இருந்து பார்த்தாலே எந்த "அறை"யில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். எட்ஜ், பயர்பாக்ஸ் பிரவுசர்களிலும் இந்த வசதி உண்டு.

இனி இந்தப் புரொபைலில் பாடத்திற்குத் தேவையான தளங்களை மட்டும் புக்மார்க் செய்யுங்கள். பாட நூல் டவுண்லோட் தளம், கல்வித் தொலைக்காட்சியின் யு ட்யூப் சேனல், கல்லூரி மாணவர் என்றால் ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டி.இ.எல். என இருக்கலாம். சமூகத் தளம் எதிலும் லாக் இன் செய்யக் கூடாது. நிபந்தனை இது ஒன்றுதான். பழக்கத்தில் கை தானாக இன்ஸ்டாகிராம் முகவரியை டைப் செய்துவிடும். அப்போது வந்து நிற்பது லாக் இன் பக்கம். பாஸ்வேர்ட் போட வேண்டுமா என்று ஒரு நொடி யோசிப்பீர்கள் அல்லவா? பக்க எண்கள் இருந்த காலத்தில் நமக்குக் கிடைத்த அதே ஒரு நொடிதான் அது.

யு ட்யூப்பிற்கும் இங்கே ஒரு நன்மை. நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்ற ஹிஸ்டரி இல்லை என்றால், யு ட்யூப் முதல் பக்கம் வீடியோ எதையும் காட்டாமல், தேடிப் பார்க்கச் சொல்லி வெறும் தேடல் கட்டத்துடன் நிற்கும். இங்கு வேதியியல் வீடியோ மட்டுமே பார்த்தால், பின்னர் வரும் பரிந்துரைகளும் பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். வழக்கமான அக்கவுண்ட்டிலும் இதே போல் வேண்டும் என்றால், ஹிஸ்டரி பகுதிக்குச் சென்று வாட்ச் ஹிஸ்டரியை அழித்து, அதனை பாஸ் செய்து வைத்தால் போதும். 2023 ஆகஸ்ட்டில் இந்த மாற்றத்தை யு ட்யூப் கொண்டு வந்தது. ஆனால் வீட்டில் அனைவரும் ஒரே அக்கவுண்ட்டில் இருந்தால் அப்பாவின் பழைய பாடல்களும் பட்டியலிலிருந்து போய்விடும். முதலில் அவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்! இன்னொன்று, வீடியோ ஓடும் கட்டத்தில் ஆட்டோபிளே என்னும் சிறிய ஸ்விட்ச் இருக்கும். அதனை ஆப் செய்தால் ஒரு வீடியோ முடிந்தவுடன் அடுத்தது தானாகத் தொடங்காது.

திரையின் மூலையில் எட்டிப் பார்ப்பவை

மூலையில் "டிங்" என்ற ஒலியுடன் வரும் சிறு கட்டங்களுக்கு நோட்டிபிகேஷன் என்று பெயர். பார்க்காமல் விட்டால் போதுமே என்று தோன்றலாம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2015ல் நடந்த ஆய்வில், போனை எடுக்காமலேயே நோட்டிபிகேஷன் ஒலி கேட்டதும் அதிர்வும் மட்டுமே கவனத்தைக் குலைத்தன. யார் அனுப்பியிருப்பார்கள் என்று மனது ஓடத் தொடங்கிவிடுகிறது.

விண்டோஸ் 11ல் விண்டோஸ் கீயுடன் என் கீயை அழுத்தவும். வலது பக்கம் நோட்டிபிகேஷன்களும் காலண்டரும் கிடைக்கும். காலண்டர் சுருங்கி இருந்தால் அதனை விரித்துக் கொள்ளவும். அதன் அடியில் நிமிடக் கணக்குடன் போகஸ் என்னும் பட்டன் இருக்கும். கூட்டல், கழித்தல் அடையாளங்களால் நேரத்தை அமைத்து, அந்தப் பட்டனை அழுத்தவும். அந்த நேரம் முடியும் வரை நோட்டிபிகேஷன் கட்டங்கள் வராது. டாஸ்க் பாரில் ஐகான்கள் மினுக்குவதும், ஐகான் மீது எண்கள் தோன்றுவதும் நின்றுவிடும். தினமும் குறிப்பிட்ட நேரத்தில் தானாகவே இது நடக்க வேண்டும் என்றால், செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், அதில் நோட்டிபிகேஷன்ஸ் பிரிவிற்குச் செல்லவும். டு நாட் டிஸ்டர்ப் தானாக இயங்க வேண்டிய நேரத்தை அங்கு அமைக்கலாம். மாலை 7 முதல் 9.30 வரை என்று கொடுத்துவிட்டால் தினமும் நினைவு வைத்துக் கொள்ள வேண்டியதில்லை. சிலர் இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பீர்கள். அதில் இதே வசதி போகஸ் அசிஸ்ட் என்ற பெயரில் உள்ளது. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் கொள்ளவும்.

எவ்வளவு நேரம் வைப்பது? இத்தாலியைச் சேர்ந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, 1980களின் இறுதியில் தான் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ சமையலறை டைமர் ஒன்றை வைத்துக் கொண்டு 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று ஒரு முறையை அமைத்தார். பொமடோரோ என்று உலகம் முழுவதும் பின்பற்றப்படுவது இதுதான். அந்தச் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் தக்காளி என்று பொருள். 25 என்பது வேதவாக்கு அல்ல. கணக்குப் போடும்போது பாதியில் எழ மனம் வராது. 40, 45 நிமிடம் வைத்துக் கொள்ளலாம். ஆனால் ஓய்வு நேரத்தில் ரீல்ஸ் பார்ப்பது மட்டும் வேண்டாம். முடிவே இல்லாத ஒன்றை ஐந்து நிமிட இடைவெளிக்குள் அடைக்க முடியாது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, மாடியில் நாலு நடை நடந்துவிட்டு வரலாம்.

புதிய கம்ப்யூட்டரில் கம்பெனியே வைத்து அனுப்பும் தொல்லைகள் சிலவும் உண்டு. டாஸ்க் பாரில் வானிலை காட்டுவது போல் இருக்கும் விட்ஜெட் மீது மவுஸ் பட்டாலே செய்திகள் கொட்டும். செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க் பார் எனச் சென்று விட்ஜெட்ஸ் என்பதனை ஆப் செய்திடவும். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடனேயே வாட்ஸ்அப்பும் சேர்ந்து திறக்கிறதா? கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒரு சேர அழுத்தி, டாஸ்க் மானேஜரில் ஸ்டார்ட் அப் ஆப்ஸ் பிரிவில் அதனை டிஸேபிள் செய்துவிடலாம்.

வாட்ஸ்அப் குரூப்

வகுப்பு குரூப்பில் பாடம் சம்பந்தமாக வரும் மெசேஜ் நான்கு என்றால், "ஓகே சார்", "தேங்க்யூ மேம்" நாற்பது. குரூப்பை விட்டு வெளியேறவும் முடியாது. குரூப்பின் பெயரில் கிளிக் செய்து, மியூட் என்பதில் 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மெசேஜ் வரும், ஒலி வராது. இதைவிட நல்ல தீர்வு ஆசிரியர் கையில் இருக்கிறது. குரூப் செட்டிங்ஸில் அட்மின் மட்டுமே மெசேஜ் அனுப்பும்படி அமைக்கும் வசதி 2018 முதலே உண்டு. அறிவிப்புகளுக்கு இப்படி ஒரு குரூப், மாணவர்கள் பேசிக் கொள்ள இன்னொரு குரூப் என்று பிரித்துவிட்டால் வகுப்பு முழுவதற்கும் நிம்மதி. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டாலே போதும்.

படிக்க உட்காரும் முன், தேவையான பி.டி.எப். பைல்களை வாட்ஸ்அப்பிலிருந்து ஒரு போல்டருக்கு டவுண்லோட் செய்து வைத்துக் கொண்டு, வாட்ஸ்அப்பை மூடிவிடவும். முடிந்தால் வை-பையையும் ஆப் செய்யுங்கள். விண்டோஸ் கீயுடன் ஏ கீயை அழுத்தினால் வை-பை பட்டனும் ஏரோபிளேன் மோட் பட்டனும் அருகருகே கிடைக்கும். இன்டர்நெட் இல்லாத கம்ப்யூட்டர் படிப்பதற்கு மிகவும் நல்ல கருவி. இதைப் பலரும் மறந்துவிட்டோம்.

தடுக்கும் புரோகிராம்கள் தேவையா?

லீச்பிளாக், ஸ்டேபோகஸ்ட் போன்ற இலவச எக்ஸ்டென்ஷன்களைப் பிரவுசரில் பதிந்து கொள்ளலாம். லீச்பிளாக்கில் தடுக்க வேண்டிய தளங்களை வரிக்கு ஒன்றாக டைப் செய்து, நேரத்தை 1900-2130 என்று கொடுத்தால், மாலை 7 முதல் 9.30 வரை அந்தத் தளங்கள் திறக்காது. முழுவதும் தடுக்காமல், சிறிது நேரம் காத்திருக்க வைத்துப் பின்னர் திறக்கும்படியும் அமைக்கலாம். என் கருத்தில் இதுவே மேல். காத்திருக்கும்போதே பலர் மனம் மாறிவிடுவார்கள். அமைப்புகளை மாற்ற பாஸ்வேர்ட் கேட்கும்படியும் செய்யலாம். அந்தப் பாஸ்வேர்டை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம், தங்கையிடமோ தம்பியிடமோ கொடுத்து வைக்கலாம். லஞ்சம் வாங்காதவராக இருக்க வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இன்காக்னிடோ விண்டோ திறந்தால் எக்ஸ்டென்ஷன்கள் அனுமதி தராமல் அங்கு இயங்காது. வேறு பிரவுசர் திறந்தாலும் இயங்காது. இது ஐந்து நிமிடத்தில் மாணவருக்குத் தெரிந்துவிடும். எனவே இவற்றை ஞாபகப்படுத்தும் கருவியாக மட்டுமே கொள்ளவும். இன்னும் உறுதியாகப் பிரிக்க வேண்டும் என்றால் விண்டோஸிலேயே தனி யூசர் அக்கவுண்ட் அமைக்கலாம். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் எனச் சென்று ஆட் அக்கவுண்ட் என்பதனை அழுத்தவும். இவருடைய சைன் இன் தகவல் இல்லை என்று சொல்லும் வரியிலும், அடுத்து மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் இல்லாமல் சேர்ப்பதற்கான வரியிலும் கிளிக் செய்தால், பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து முடிக்கலாம். இந்த அக்கவுண்ட்டில் டெஸ்க்டாப் முதல் அனைத்தும் புதிதாக இருக்கும். பாட பைல்களை யூசர்ஸ் போல்டருக்குள் உள்ள பப்ளிக் போல்டரில் வைத்தால் இரண்டு அக்கவுண்ட்களிலும் கிடைக்கும். பொதுத் தேர்வு எழுதுபவர்களுக்கு இது மிகவும் ஏற்றது.

மேசையில் இருக்கும் போன்

கம்ப்யூட்டரில் இத்தனையும் செய்துவிட்டு போனை கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பயன் இல்லை. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சத்தம் நிறுத்தப்பட்ட போனை மேசையில் வைத்திருந்தவர்களைவிட, வேறு அறையில் வைத்திருந்தவர்கள் நினைவாற்றல் தேர்வுகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் சிலவற்றில் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் போனைப் பக்கத்து அறையில் வைக்கக் காசு செலவில்லை. க்யூஆர் கோட் ஸ்கேன் செய்யப் போன் வேண்டும் என்றால், ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் சென்று டிஜிட்டல் வெல்பீயிங் பிரிவில் போகஸ் மோட் பயன்படுத்தி, இன்ஸ்டாகிராம் போன்ற ஆப்களை மட்டும் அந்த நேரத்திற்கு நிறுத்தி வைக்கலாம்.

பெற்றோருக்கு

மகனுக்கோ மகளுக்கோ தெரியாமல் உளவு பார்க்கும் சாப்ட்வேரைப் பதிந்து வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஒரு நாள் தெரிந்தே தீரும். அதன் பின்னர் அவர்கள் நண்பர் வீட்டு போனுக்குப் போய்விடுவார்கள்; ஏதாவது உண்மையான சிக்கல் வந்தால்கூட உங்களிடம் சொல்ல மாட்டார்கள். இணையத்தில் யாராவது மிரட்டும்போது பிள்ளை முதலில் ஓடி வர வேண்டியது உங்களிடம்தான். சிறு பிள்ளைகளுக்கு மைக்ரோசாப்ட் பேமிலி சேப்டி போன்று வெளிப்படையாக இயங்கும் வசதிகள் இருக்கின்றன. பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்கு மேலே சொன்னவற்றை அவர்கள் கையாலேயே அமைக்கச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த ஆப் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். தானே போட்ட வேலியைத் தாண்டும்போது சிறிது தயக்கம் வரும். அடுத்தவர் போட்ட வேலியைத் தாண்டுவதில் ஒரு குஷிதான் வரும். இரவில் அரை மணி நேரம் நண்பர்களுடன் பேச, பார்க்க என்று ஒதுக்கிவிடுவதும் நல்லது. சந்தேகம் கேட்பதும், நோட்ஸ் பரிமாறிக் கொள்வதும் அங்கேதான் நடக்கின்றன. பிள்ளை படிக்கும் அதே அறையில் நீங்கள் சத்தமாக ரீல்ஸ் பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு வாரம் கழித்து, மாணவர் தானே "படிப்பு" புரொபைலைத் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் ஹெச் கீயை அழுத்தட்டும். அந்த வாரம் சென்ற தளங்கள் எல்லாம் நாள் வாரியாக வரிசையாகக் கிடைக்கும். பாடத்திற்குச் சம்பந்தமில்லாத எந்தத் தளமாவது அதில் நுழைந்திருந்தால், அதில் லாக் அவுட் செய்து, லீச்பிளாக் பட்டியலில் அந்தப் பெயரையும் சேர்த்துவிடலாம். முதல் வாரம் நான்கைந்து தளங்களாவது தேறும். பயப்பட வேண்டாம், எந்த மணிக்கு நுழைந்தன என்பதையும் அதே பட்டியலில் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரே நேரமாக இருக்கும். போகஸ் நேரத்தை அதற்கு முன்னதாகவே முடியும்படி மாற்றி அமைத்துக் கொள்ளலாம்.